ராணுவ மெடிக்குக்கு நர்சிங் தேர்வு ஏன் சறுக்குகிறது?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் பி.எஸ்.என். (நர்சிங் பட்டப்படிப்பு) மாணவர்களுக்கு மெடிக்கல் சர்ஜிக்கல் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் ஆறு பேர் முன்னாள் படையினர். அவர்களில் மூவரைப் பற்றித்தான் கவலை. ஒருவர் எட்டு வருடம் ராணுவ மெடிக்காக, அதாவது காயம்பட்ட வீரர்களுக்குக் களத்திலேயே சிகிச்சை தருபவராக இருந்தவர். லேபில் அவர் கையைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் முதல் தேர்வில் 68 வாங்கினார். தேர்ச்சிக்கு 75 வேண்டும். கடற்படையில் இருந்த ஒரு பெண் எல்லா வகுப்புக்கும் வருகிறார், பொம்மை நோயாளியை வைத்துப் பயிற்சி நடக்கும் சிமுலேஷன் நாளில் மட்டும் வருவதில்லை. மூன்றாமவர் பாரம் தாங்காமல் ஒரு பாடத்தை விட்டுவிடக் கேட்கிறார், படிவம் என் மேசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்து இங்கே வந்தவள் நான், படை வாழ்க்கை பற்றி எதுவும் தெரியாது. எப்படி உதவுவது?
— செவிலியர் ஆசிரியை, சான் ஆன்டோனியோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாமவரிடமிருந்து தொடங்குகிறேன். மற்ற இருவருக்கும் நாள் இருக்கிறது, அவருக்கு இல்லை. அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற மாணவருக்குப் பாடத்தை விடுவது மதிப்பெண் பட்டியலோடு போகும் விஷயம். முன்னாள் படையினரின் படிப்புக்கு அரசு தரும் உதவியான ஜி.ஐ. பில்லில் படிப்பவருக்கு அது வீட்டு வாடகையைத் தொடும்.

2009 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்லில் 36 மாதம் முழுநேரப் படைப்பணி செய்தவருக்கு 100 சதவீத உதவி உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உள்மாநிலக் கட்டணம் முழுவதும் கிடைக்கும். புத்தகத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 டாலர். இவற்றோடு மாதா மாதம் வீட்டுப்படி. குடும்பத்தோடு இருக்கும் ஈ-5 தரப் படைவீரருக்குக் கல்லூரி இருக்கும் பகுதியில் என்ன வாடகைப்படியோ, அந்தக் கணக்கில் இது வரும். பலருக்கு வாடகை, மளிகை, பிள்ளையின் டே கேர் எல்லாமே இந்தப் பணத்தில்தான் ஓடும்.

அவர் 12 கிரெடிட் எடுத்திருக்கிறார், அதுவே முழுநேரம் என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் பாடத்தை விட்டால் மிச்சம் 8, அதாவது 67 சதவீதம். முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ. இதை 70 ஆக முழுமையாக்கி, வீட்டுப்படியையும் 70 சதவீதமாகக் குறைக்கும். இன்னொரு 4 கிரெடிட்டையும் விட்டால் 33 சதவீதம்தான் நிற்கும். 50 சதவீதத்துக்கு மேல் படித்தால்தான் வீட்டுப்படி உண்டு, ஆகவே ஒரு காசும் வராது. ஏற்கெனவே வாங்கிய பணமும் கடனாகத் திரும்பலாம். தகுந்த காரணம் காட்டி வி.ஏ. ஒப்புக்கொண்டால் அந்தக் கடன் குறையும். முதல் முறை விடுபவருக்கு 6 கிரெடிட் வரை காரணம் கேட்காமல் விட்டுக்கொடுக்கிறார்கள். அந்தச் சலுகையை அவர் முன்பே செலவழித்துவிட்டாரா என்று கேளுங்கள்.

இங்கே ஒரு விநோதம் உண்டு. கடைசிவரை உட்கார்ந்து எழுதித் தோற்றவரிடம் வி.ஏ. பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை, நடுவில் விட்டவரிடம் கேட்கிறது. அதற்காகத் தோற்கச் சொல்ல முடியாது. பல நர்சிங் பள்ளிகளில் இரண்டு பாடம் தோற்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எனவே இதை நீங்களும் அவரும் மட்டும் பேசி முடிக்காதீர்கள். வி.ஏ.வுக்குச் சேர்க்கையைச் சான்றளிக்கும் அலுவலர் ஒருவர் உங்கள் கல்லூரியில் இருப்பார். மூவரும் உட்காருங்கள், தேதிகளையும் தொகைகளையும் தாளில் எழுதுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

அதே நாளில் இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: "ஜி.ஐ. பில்லில் எத்தனை மாதம் மிச்சம்?" மொத்தம் 36 மாதம். ஒன்பது மாதக் கல்வியாண்டாகப் பார்த்தால் நான்கு ஆண்டு, அதாவது ஒரு பட்டத்துக்குச் சரியாகப் போதும், சிந்தாமல் சிதறாமல் நடந்தால். நர்சிங்கில் அப்படி நடப்பது அரிது. முன்தேவைப் பாடங்களில் பதினெட்டு, இருபது மாதம் கரைந்திருக்கும். உங்கள் பாடத்தில் தோற்றால் அது அடுத்து நடத்தப்படும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் குழு முன்னே போய்விடும். குறைந்தபட்ச மதிப்பெண் வராத பாடத்தைத் திரும்பப் படிக்க வி.ஏ. பணம் தரும். ஆனால் அந்த மாதங்களும் 36-இல்தான் கழியும். கடைசி ஆண்டில் கையில் மாதமே இல்லாமல் நின்று, இரவு வேலைக்குப் போய்க்கொண்டே மருத்துவமனைப் பயிற்சியான கிளினிக்கலுக்கு வருகிற மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

மாதம் போதாது என்று தெரிந்தால் இரண்டு வழிகள். ஒன்று டெக்சஸின் ஹேசல்வுட் சட்டம். அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் வரை கல்விக் கட்டண விலக்கு தருகிறது, வீட்டுப்படி கிடையாது. இதற்கு டெக்சஸிலிருந்து படையில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது சேரும்போது டெக்சஸ்வாசியாகப் பதிவாகியிருக்க வேண்டும். சான் ஆன்டோனியோவில் இது பலருக்கு இடறும். இந்த ஊரிலேயே உள்ள ராணுவ மருத்துவப் பயிற்சி முகாமான ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் பயிற்சி எடுத்து ஊர் பிடித்துப்போய்த் தங்கியவர்கள் பலர் ஒஹாயோவிலோ ஜார்ஜியாவிலோ சேர்ந்தவர்களாக இருப்பார்கள். மற்றது 31-ஆம் அத்தியாயம் என்று வழங்கும் மறுவாழ்வுத் திட்டம். படைப்பணியால் வந்த ஊனமோ நோயோ குறைந்தது 10 சதவீதம் என்று வி.ஏ. மதிப்பிட்டிருந்தால் விண்ணப்பிக்கலாம். கட்டணத்தோடு சீருடை, ஸ்டெதாஸ்கோப், மடிக்கணினி என்று படிப்புக்குத் தேவையானதையெல்லாம் வாங்கித் தரும். இதை முதலில் பயன்படுத்தினால் ஜி.ஐ. பில் மாதங்கள் குறைவதில்லை. வரிசையை மாற்றிப் பிடித்து நஷ்டப்படுபவர்கள் நிறைய.

இனி மெடிக்கிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிகவும் பொருளுள்ள பகுதி அதுதான்.

50 கேள்வித் தேர்வு என்றால் 68 மதிப்பெண்ணுக்கு 34 கேள்வி சரி. 75-ஐத் தொட 38 வேண்டும். நான்கு கேள்வி தூரம்தான். அந்த நான்கை "இன்னும் நன்றாகப் படியுங்கள்" என்ற அறிவுரையால் எடுக்க முடியாது. அவர் படிக்கத்தான் படிக்கிறார். ஏற்கெனவே தெரிந்தது புதிதாகப் படித்ததற்கு முன்னால் ஓடிவந்து பதில் சொல்லிவிடுகிறது.

68 டபிள்யூ என்ற குறியீட்டில் பயிற்சி பெற்ற மெடிக்கின் நோயாளி யார் என்று யோசியுங்கள். பதினெட்டிலிருந்து நாற்பதுக்குள், திடகாத்திரமான உடம்பு, பழைய வியாதி இல்லை, ஒரு காயம், ஹெலிகாப்டர் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்தால் வேலை முடிந்தது. காயம்பட்டவருக்கென்றே ஒரு மாத்திரைப் பொட்டலம் உண்டு: அசிட்டமினோஃபென் 1,000 மி.கி., மெலாக்சிகாம் 15 மி.கி., மாக்சிஃப்ளாக்சசின் 400 மி.கி. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் பொட்டலத்தைப் பிரித்து மொத்தமாகக் கொடுக்க வேண்டியதுதான். அங்கே அது மிகச் சரியான மருத்துவம். உங்கள் வார்டில் வார்ஃபரின் சாப்பிடும், சிறுநீரகம் பாதி பழுதான எண்பது வயதுக்காரருக்கு அதே மெலாக்சிகாம் வயிற்றில் ரத்தக்கசிவையும் சிறுநீரகத்தில் சரிவையும் கொண்டுவரும். மருந்தும் அளவும் அதேதான், ஆள் வேறு.

இந்தக் கேள்வியை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். 78 வயதுப் பெண்மணி, இதயச் செயலிழப்பு. தினமும் டிகாக்ஸின் 0.125 மி.கி., ஃபுரோஸமைடு 40 மி.கி. எடுக்கிறார். காலையில் குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்கிறார். ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினால் இதயத் துடிப்பு 52. பொட்டாசியம் 3.0. செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மெடிக் பெரும்பாலும் ஒண்டான்செட்ரான் கொடுக்கும் விடையைத் தொடுவார். களத்தில் குமட்டல் என்றால் அதுதான் கொடுப்பார்கள். துடிப்பு 52 அவரை உறுத்தாது. தினமும் ஓடுகிற இருபத்திரண்டு வயது சிப்பாய்க்கு 52 இயல்பு, எட்டு வருடமாக அவர் பார்த்த நாடி அதுதான். ஃபுரோஸமைடு பொட்டாசியத்தை வெளியேற்றுவதும், பொட்டாசியம் இறங்கினால் டிகாக்ஸின் இதயத் தசையை இன்னும் இறுக்கிப் பிடிப்பதும், குமட்டல், மஞ்சள் வளையம், மந்தத் துடிப்பு மூன்றும் சேர்ந்தால் டிகாக்ஸின் நச்சு என்பதும் அவர் ஒரே மூச்சில் கோத்துப் பார்க்காத கண்ணிகள். சரியான விடை: டிகாக்ஸினை நிறுத்தி வை, மருத்துவரைக் கூப்பிடு. பொட்டாசியம் குறைந்தவருக்கு ஒண்டான்செட்ரான் இதய மின்வரைபடத்தில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டி, துடிப்பைத் தாறுமாறாக்கவும் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தன் கைப்பழக்கம் எங்கே ஆபத்தாகும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அவர் மறக்க மாட்டார்.

தேர்வுத்தாள் அலசலை நாற்பது நிமிடம் ஒதுக்கிச் செய்யுங்கள். தவறான கேள்விகளில் பன்னிரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். சரியான விடையை நீங்கள் சொல்லாமல், அவர் எப்படி அந்த விடைக்குப் போனார் என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு தவற்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்: விஷயம் தெரியாதது 'அ', கேள்வியைத் தப்பாகப் படித்தது 'ஆ', முன்னுரிமையை மாற்றியது 'இ', செவிலியர் எல்லையைத் தாண்டியது 'ஈ'. சாதாரண மாணவரின் தாளில் 'அ' குவியும். மெடிக்கின் தாளில் 'இ', 'ஈ' இரண்டும் தலைதூக்கும். 'அ' என்றால் புத்தகத்துக்கு அனுப்பலாம். 'இ', 'ஈ' என்றால் புத்தகத்துக்கு அனுப்புவது வீண், கேள்விப் பயிற்சிதான் மருந்து: நாளுக்கு 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் "இது யார் வேலை, எது முதலில்" என்று ஒரு வரி எழுதியாக வேண்டும்.

'இ' வருவதற்குக் குறிப்பான காரணம் ஒன்று இருக்கிறது. படையில் மனப்பாடமான வரிசை 'மார்ச்': பெருகும் ரத்தத்தை நிறுத்து, பிறகு மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், உடல் குளிர்தல். நர்சிங் தேர்வில் மூச்சுப்பாதை முதலில் வரும். மார்ச் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள், அது தப்பே இல்லை, உங்கள் பேச்சில் நம்பிக்கையும் போய்விடும். "ரத்தம் பீறிடுகிறதா என்று முதல் விநாடியில் கேளுங்கள். இல்லை என்றால் மூச்சுப்பாதையிலிருந்து தொடங்குங்கள்" என்றால் போதும். வார்டுக் கேள்விகளில் பெரும்பாலும் ரத்தம் பீறிடாது, அவர் சரியான இடத்தில் வந்து நிற்பார்.

'ஈ' கொஞ்சம் நுட்பமானது. நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை இறக்கியவர், கழுத்தில் கீறி மூச்சுக்குழாய் போட்டவர், இப்போது ஐ.வி. போடவும் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் சுருக்கென்றுதான் இருக்கும். கிளினிக்கல் தொடங்கும் முன்பே தனியே அழைத்து நேராகச் சொல்லிவிடுங்கள்: மாணவர் என்ற அடையாள அட்டையோடு நிற்கும்வரை அவர் எல்லை மாணவரின் எல்லை. அதைத் தாண்டினால் நோயாளி பிழைத்தாலும் அவர் இடம் போகும். எந்தெந்தச் செயல் ஆசிரியர் இல்லாமல் கூடாது என்ற பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். படையில் வளர்ந்தவருக்கு எழுத்தில் இருக்கும் எல்லை சங்கடமே இல்லை, மங்கலான எல்லைதான் சங்கடம். ரத்தப்போக்கை நிறுத்தும் லேபை அவர் நடத்தட்டும், கௌரவமாக இருக்கும். அதற்காக வாரா வாரம் சம்பளமில்லாத உதவியாசிரியராக்கிவிடாதீர்கள், அவருக்குப் படிக்க நேரம் வேண்டும்.

மருந்துக் கணக்கிலும் இதே கதைதான். பெரியவருக்கான ஒரே அளவை மனப்பாடமாக வைத்திருந்தவர் எடைக்கு ஏற்ற அளவில் தடுமாறுவார். 14 கிலோ குழந்தை, அசிட்டமினோஃபென் கிலோவுக்கு 15 மி.கி.: 210 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 160 மி.கி. என்றால் 6.56, அதாவது 6.6 மி.லி. இப்படிப் பத்துக் கணக்கு, வாரம் இரண்டு முறை, கால்குலேட்டரோடு, ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதி. விடை சரியாக இருந்தும் அலகு விட்டிருந்தால் தவறு என்று போடுங்கள்.

அவரிடம் ஏற்கெனவே இருப்பதை நீங்கள் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. காயம்பட்டவரை ஒப்படைக்கும்போது 'மிஸ்ட்' என்று சொல்லப் பழகியிருப்பார்: எப்படி அடிபட்டது, என்ன காயம், என்ன அறிகுறி, என்ன செய்தோம். நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை என்று போகும் உங்கள் 'எஸ்பார்' அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அவருக்குப் புதிதாக வேண்டியது கடைசி இரண்டும்தான்: என் கணிப்பு என்ன, நான் கேட்பது என்ன. நோயாளிப் பராமரிப்புத் திட்டமான கேர் பிளானைப் பார்த்து "இத்தனை காகிதம் எதற்கு" என்று முனகுவார். படையின் ஐந்து பத்திச் செயல் ஆணையை நினைவுபடுத்துங்கள்: நிலைமை, இலக்கு, செயல்முறை, வழங்கல், தொடர்பு. நோயாளியின் நிலைமை, எட்ட வேண்டிய இலக்கு, செய்யும் பணிகள் என்று ஒட்டவைத்துக் காட்டினால் ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார். சிமுலேஷன் முடிந்ததும் நீங்கள் நடத்தும் டீபிரீஃபிங்கைச் செயலுக்குப் பிந்தைய மறுபார்வையாக அவர்கள் எப்போதோ செய்திருக்கிறார்கள்: என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன. பல கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் டீம்ஸ்டெப்ஸ் குழுப்பயிற்சியே பாதுகாப்புத் துறையும் சுகாதார ஆய்வு முகமையும் சேர்ந்து 2006-இல் வெளியிட்டதுதான்.

பாடம் விலக்கு பற்றியும் கேட்பார். படைப் பயிற்சிக்கான கிரெடிட் பரிந்துரைகள் கூட்டுப் படைப்பணிச் சான்றில் இருக்கும், விமானப்படை என்றால் அதன் சமுதாயக் கல்லூரி தரும் மதிப்பெண் சான்றில் இருக்கும். வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அடிப்படை நர்சிங்கையும் உடல் பரிசோதனைப் பாடத்தையும் முழுதாகத் தாண்டவைக்கும் யோசனை எனக்கு ஒப்புதல் இல்லை. செய்முறைத் தேர்வை முதல் வாரத்திலேயே கொடுத்துத் தேறினால் அந்த லேப் மணிகளை விட்டுக்கொடுங்கள், தியரி இருக்கட்டும். மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் 2013-இல் மெடிக், கோர்மேன் (கடற்படையின் மெடிக்) பாடத்திட்டங்களை எல்.பி.என். என்ற அடுத்தநிலைச் செவிலியர் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டபோதும் பரிந்துரைத்தது விடுபட்டதை நிரப்பும் பாலப் படிப்பைத்தான். முதியோர், பிரசவம், நாள்பட்ட நோய் என்று விடுபட்டது எல்லாம் தியரியில்தான் இருக்கிறது.

கடற்படைப் பெண்ணின் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சிமுலேஷன் என்றதும் போர் அதிர்ச்சி என்று மனம் தாவும். காரணம் அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிமுலேஷன் நாள் காலை ஆறரைக்குத் தொடங்குகிறதா, டே கேர் ஏழுக்குத்தான் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் மருத்துவப் பிரிவில் இருந்தவர்தானா? முன்னாள் படையினர் எல்லோரும் மெடிக் அல்ல. விமான எஞ்சின் பழுதுபார்த்தவர், ராடார் பார்த்தவர், சமையல் கூடத்தில் இருந்தவர் எல்லோரும் நர்சிங்குக்கு வருகிறார்கள். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று சக மாணவர்கள் தள்ளிவிட, தெரியாது என்று சொல்லக் கூசி வராமலே இருப்பவரும் உண்டு.

காது இன்னொரு காரணம். வி.ஏ. பதிவுகளில் படைப்பணியால் வந்த குறைபாடுகளில் முதலிடம் காதிரைச்சலுக்கு. மானிட்டர் சத்தம், நாலு பேர் பேச்சு இவற்றுக்கிடையே ரத்த அழுத்த ஒலியைப் பிடிக்க முடியாமல், பிழையான எண்ணை எல்லோர் முன்னும் சொல்ல அஞ்சி ஒதுங்கலாம். ஒலியைப் பெருக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப் இதற்கு உதவும், 31-ஆம் அத்தியாயத்தில் இருப்பவருக்கு வி.ஏ.வே வாங்கித் தரவும் வழியுண்டு.

தனியே கேளுங்கள், இப்படி: "சிமுலேஷன் நாட்களில் நீங்கள் வரவில்லை. மணிக்கணக்கு குறைந்தால் தேர்ச்சி நிற்கும். வரவிடாமல் தடுப்பது எது, நான் மாற்றக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" நோயின் பெயரைக் கேட்காதீர்கள், கேட்கவும் கூடாது. மாற்றுத்திறன் அலுவலகத்தின் கடிதம் வந்தால் அதில் உள்ள வசதியைச் செய்துகொடுப்பது மட்டும் உங்கள் கடமை. அதிர்ச்சிதான் காரணம் என்று அவரே சொன்னால் உங்கள் கையில் இருப்பவை இவை: ரத்தம், அலறல், அலாரம் வருமா என்பதை (விடையை அல்ல) முந்தின நாளே எழுதிக் கொடுப்பது, கதவுக்குப் பக்கத்தில் நிற்க விடுவது, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய்த் திரும்பலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. சிமுலேஷனையே விட்டுக்கொடுக்காதீர்கள். நாளை வார்டிலும் அலாரம் அடிக்கும். போலி ரத்தத்தின் வாடை சிலரைப் பார்ப்பதற்கு முன்பே தாக்கும், அதைத் தவிர்ப்பதில் பாடத்துக்கு நஷ்டமில்லை. பேச ஆள் வேண்டும் என்றால் முன்னாள் படையினருக்கான ஆலோசனை மையங்களான வெட் சென்டர்களைச் சொல்லுங்கள். இலவசம், அங்கே பேசுவது அவர் அனுமதியில்லாமல் வி.ஏ. மருத்துவப் பதிவுக்குப் போகாது. நெருக்கடி என்றால் 988 அழைத்து 1-ஐ அழுத்தச் சொல்லுங்கள்.

பேசும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். "யார் முன்னாள் படைவீரர்" என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். பெண்கள், பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் இருந்தவர்கள், போருக்குப் போகாதவர்கள் பலர் தங்களை அந்தச் சொல்லில் அடக்கிக்கொள்வதில்லை. "படையில் பணியாற்றியதுண்டா" என்று முதல் வாரத் தகவல் படிவத்தில் கேளுங்கள். என்ன வேலை பார்த்தார்கள், இப்போது வெளியே வேலைக்குப் போகிறார்களா, இன்னும் பகுதிநேரப் பணியான ரிசர்வில் இருக்கிறார்களா என்பவை பயன் தரும் கேள்விகள். "அங்கே என்ன பார்த்தீர்கள், யாரையாவது கொன்றீர்களா" என்பது சக மாணவர்கள் கேட்டே விடுகிற கேள்வி. கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

உதவி கேட்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. "தேவைப்பட்டால் வாருங்கள்" என்று சிலபஸில் போட்டிருப்பதை அவர்கள் "தேவைப்படும் அளவுக்குத் தோற்றவர்கள் வரலாம்" என்று படிக்கிறார்கள். அதற்குப் பதில் "செவ்வாய் 15:00, அறை எண் இது, தேர்வுத்தாளோடு வரவும்" என்று எழுதி அனுப்புங்கள். 14:45-க்கு வாசலில் நிற்பார். தேர்வுத் தேதியைக் கடைசி நேரத்தில் மாற்றும் பழக்கம் உங்கள் துறையில் இருந்தால் அதை முதலில் விடுங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள், இவர்கள் உங்கள் பேச்சை நம்புவதை நிறுத்திவிடுவார்கள்.

ஓர் இடைச்செருகல். படை உலகம் நமக்கு அந்நியம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2008-இல் அறிவித்து 2016-இல் சேர்க்கை நின்றுபோன மாவ்னி திட்டத்தில், விசாவில் இருந்தவர்களை மொழித்திறனுக்காக அமெரிக்க ராணுவம் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. உங்கள் வகுப்பின் ஏழாவது முன்னாள் படைவீரர் உங்களோடு தமிழில் பேசுபவராகவும் இருக்கலாம்.

ரிசர்விலோ கார்டிலோ இருப்பவர் மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சிக்குப் போக வேண்டும். வார இறுதிக் கிளினிக்கல் போடுமுன் அவருடைய ஆண்டு அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள். திடீரென்று பணிக்கு அழைக்கப்பட்டால், மொத்தம் ஐந்தாண்டு வரையான பணிக்கால இடைவெளிக்குப் பிறகும் விட்ட இடத்தில் சேர்த்துக்கொள்ளக் கூட்டாட்சி விதி கல்லூரியைக் கட்டாயப்படுத்துகிறது. பணி முடிந்து மூன்றாண்டுக்குள் திரும்பி வருவதாகச் சொல்ல வேண்டும்.

ஆறு பேரிடமும் இந்த மாதமே சொல்லிவிட வேண்டியவை இரண்டு. டெக்சஸ் நர்சிங் வாரியம் தகுதிக் கேள்விகளில் கைது, வழக்கோடு நிற்பதில்லை. ராணுவ நீதிமன்றம், ராணுவச் சட்டத்தின் 15-ஆவது விதிப்படி கமாண்டர் கொடுத்த தண்டனை எல்லாவற்றையும் கேட்கிறது. பத்தொன்பது வயதில் குடித்துவிட்டு முகாமுக்குத் தாமதமாக வந்ததற்காகச் சம்பளம் பிடித்தது ஒரு பொருட்டா என்று பலர் எழுதாமல் விடுவார்கள். அந்தச் சம்பவத்தைவிட மறைத்ததுதான் பெரிய சிக்கலாகும். அப்படி ஏதும் இருந்தால் தகுதித் தீர்மான மனுவை இப்போதே போடட்டும், கடைசி செமஸ்டரில் போட்டால் பட்டம் வாங்கிய பிறகும் உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

இரண்டாவது, தேர்வில் கூடுதல் நேரம் அல்லது தனியறை. வகுப்பில் கிடைக்கும் அந்த வசதி, செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸுக்குத் தானாகப் போகாது. 2023 ஏப்ரல் முதல் நடக்கும் புதிய வடிவத்தில் 85 முதல் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். அதில் கூடுதல் நேரம் வேண்டுமானால் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே மாநில வாரியத்திடம் மருத்துவ ஆவணத்தோடு கேட்க வேண்டும். ஒப்புதல் வருமுன் தேர்வு நாளைப் பதிவு செய்துவிடக் கூடாது. கல்லூரியில் அந்த வசதியைப் பயன்படுத்தியதற்கான கடிதத்தையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. ஆகவே, வசதி தேவைப்பட்டும் "சமாளித்துக்கொள்கிறேன்" என்று இன்று மறுப்பவரிடம் மாற்றுத்திறன் அலுவலகத்தில் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள், பயன்படுத்துவது அவர் விருப்பம்.